என் கண்ணில் மின்னிய பச்சை

கண் உறுத்துகிறது என்றேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, அதுதான் என் கெட்ட நேரம். அம்மா என்னை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, இமையை விரித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லடி, போய்ப் படி" என்றாள். அக்கா தலையைக்கூடத் தூக்காமல், "ஆக்டிங்மா" என்றாள். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. போன பரீட்சைக்கு வந்த வயிற்றுவலி பொய்தான். அதற்காகக் கண்வலியும் பொய்யாகிவிடுமா?

அப்பா மேல்தான் அதிக ஆத்திரம். அவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பு தேய்க்கும் வேலை. சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் கேட்டுக்கு ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் சட்டையில் முகத்தைத் தேய்ப்பேன். அன்றும் தேய்த்தேன். அவர்கூட, "பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்" என்று சிரித்தார்.

காலையில் கண் சிவந்து வீங்கி, திறக்கவே முடியவில்லை. தாம்பரத்தில் கண் டாக்டரிடம் அப்பா அழைத்துப் போனார். டாக்டரம்மா ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை ஒன்றை ஈரமாக்கிக் கீழ் இமையில் தொட்டார். அறை விளக்கை அணைத்துவிட்டு, கருவியில் என் தாடையைப் பொருத்தி, நீல வெளிச்சத்தைக் கண்ணில் அடித்தார்.

"நீங்களே பாருங்க சார். காயம் பட்ட எடத்துல மருந்து ஒட்டிக்கும், இந்த லைட்ல பச்சையா மின்னும். நடுவுல இருக்கறது இரும்புத் தூள், எடுத்துடலாம். வீட்ல யாராவது கிரைண்டிங் வேலை பாக்கறாங்களா?"

அப்பா கருவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கோ ஜெயித்துவிட்ட திமிர். "நான் பொய் சொல்லலன்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்றேன்.

கண் ஆறியதும் பழையபடி கேட்டுக்கு ஓடினேன். "கிட்ட வராத, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டு, அப்பா பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக் குழாய்க்குப் போனார். தலையோடு குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தார். மறுநாளும் அப்படியே. எனக்குக் கொதித்தது. நம்பாதது அவர், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதும் அவரா? அம்மாவிடம் கேட்டேன். அவள் அப்பா சட்டையைத் தனி பக்கெட்டில் முக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

நானும் ரோஷக்காரிதான். கேட்டுக்கு ஓடுவதை நிறுத்தினேன். அப்பா பைக்கை அணைத்துவிட்டு, சந்துக்குத் திரும்பாமல், வாசலையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தேன். அவருக்கு என்மேல் இவ்வளவு கோபம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.