காரோட்டு ஊற்றோடையும் முந்தின நாள் பத்திரிகையும்

பாறசாலைப் பக்கத்து ஊற்றோடைகளைப் பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் போனது, தமிழ் பேசும் ஊர்களை மலையாள அரசிடமிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலத்தில். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். ஓடைச் செடிகளை உலர்த்திக் கொடுத்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அங்கே யார் போவார்கள்?

நாகர்கோவிலில் காலை ஆறு மணிக்கு பஸ். இருபத்து மூன்று மைல், முக்கால் ரூபாய். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் ஏறிப் பார்த்தது. வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடுமே என்று தூங்குவதுபோல நடித்தேன். பாறசாலையிலிருந்து காரோட்டுப் பக்கம் நாலு மைல் நடை. ஓடையை அடைந்தபோது மணி பத்து.

ஊற்று வாயில் பாசியும் பெரணியும். பத்தடி கீழே வல்லாரை, நீர்ப்பிரமி, பிறகு வசம்பு, சேம்பு போலிருந்தும் சேம்பு அல்லாத ஒன்று. கரை முழுக்கத் தாழை. அங்கே கைதை என்பார்கள். கோடையிலும் வற்றாத குளிர்ந்த நீர், அதனால்தான் இத்தனையும் ஒரே இடத்தில். கொஞ்ச நேரம் பயம் மறந்துபோனது உண்மை.

பாய் முடையக் கைதையோலை அறுத்துக்கொண்டிருந்த தங்கம்மை அக்காதான் ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னார். போராட்டத்தில் சேர்ந்த கணவரைப் போலீஸ் தேடுவதையும் சொன்னார். "ஒரு மாசமா அவிய வீட்டுப் பக்கமே வரல்ல தம்பி."

செடிகளைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்து, பலகை போட்டு அழுத்துவோம். நீர்ச்செடி தாளை நனைத்துவிடும். ஒன்றுக்கு மூன்று தாளாவது வேண்டும். இது தெரியாமல் கிளம்பிய எனக்குப் பதினொன்றரைக்கே தாள் தீர்ந்தது. "வீட்டுல கெடக்கு, எடுத்திட்டு வாறேன்" என்று அக்கா ஓடிப்போய் ஒரு கட்டு கொண்டுவந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மேலே கிடந்ததை அப்படியே அள்ளி வந்திருக்கிறார்.

அரை மணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வரப்பில் இறங்கி வந்தார்கள். ஒருவர் பலகையைப் பிரித்துத் தாள்களைப் புரட்டினார். ஒன்றில் கை நின்றது. முந்தின நாள் தேதி, மேலே போராட்டச் செய்தி.

"இது நீ கொண்டு வந்ததோ டே?"

அக்கா என்னையே பார்த்தார். ஏனென்று புரிந்தது. வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் நேற்றைய பத்திரிகை இருந்தால், வாசிக்கிறவர் உள்ளேதான் இருக்கிறார். நான் ஆமாம் என்றால் போதும். ஆனால் போராட்டச் செய்தியைச் சுமந்து திரிகிறவன் என்று என்னைப் பிடித்துப் போனால்?

"இல்ல சார், அந்த அக்கா வீட்டுல உள்ளது."

"நினக்கு வாசிக்க அறியுமோ?" என்று அவர் அக்காவிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போலீஸ்காரர்கள் இருவரும் வீட்டை நோக்கி வேகமாக நடந்தார்கள். "ஐயா, அது கடையில மீன் பொதிஞ்சு தந்த பேப்பராக்கும்!" என்று கத்திக்கொண்டே அக்கா பின்னால் ஓடினார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். இரண்டு மணி பஸ் கிடைத்தது.

போகிறவர்கள் மழை ஓய்ந்தபின் போங்கள், நீர் தெளிவாக இருக்கும். கைதை முள்ளுக்கு முழுக்கைச் சட்டை நல்லது. எதையும் வேரோடு பிடுங்காதீர்கள்.

அங்கே யாரைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வீடுதான். அன்றைக்கு அதற்குள்ளிருந்து அலறல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் கணவர் பிடிபட்டாரா என்று இன்றுவரை யாரிடமும் விசாரித்ததில்லை. நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டால், தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.