தலைவர் பதவிக்கு வந்த போட்டி

ஐவி மலையூரான பெர்ன்ஹில்லில் பிறந்தவர். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்தார். தொழிலாளர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியே ஆளுங்கட்சிக்குள் வந்தார். கவுன்சிலராகி, பேரூராட்சித் தலைவரும் ஆனார்.

ஐப்பசி மழையில் மண் சரிந்து குடிநீர்க் குழாய் உடைந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. குழாய் வேலை இழுத்துக்கொண்டே போக, சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே முணுமுணுத்தார்கள். துணைத்தலைவர் ஆறுக்குட்டியின் காய்கறி மண்டியில் அவர்கள் கூடுவதாகக் காதில் விழுந்தது. அன்றிலிருந்து யார் சிரித்தாலும் ஐவிக்குச் சந்தேகம். இரண்டு பேர் ஒதுங்கி நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார். சர்ச்சுக்குப் போனால்கூட மனம் ஜெபத்தில் நிற்கவில்லை.

"இப்படிப் பயந்துட்டு இந்தப் பதவி வேணுமா?" என்று கேட்ட கணவர் பிராங்ளின் மீது எரிந்து விழுந்தார்.

ஒரு மாலை, தூறலில் நனைந்தபடி ஆறுக்குட்டியே வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, நாளைக்கு நம்ம கட்சி மாவட்டப் பொறுப்பாளர் வர்றாருங்க. உங்கள மாத்தணும்னு கேக்கப் போறேன். அடுத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானே வந்தேனுங்க."

கோபம் வரும் என்று ஐவி காத்திருந்தார். வரவில்லை. நெஞ்சில் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது.

"எல்லாரும் உங்க பக்கமா?"

"முக்காவாசிப் பேருங்க. அவங்க மனசு மாறிடாம இருக்க, கோயமுத்தூர்ல ஒரு லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போய் வைக்கச் சொல்லி சிலர் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"என் மேல என்ன குறை?"

"யாரையும் கேக்காம எல்லாத்தையும் நீங்களே தூக்கிச் சொமக்கறீங்க அக்கா. அதான் வருத்தம்."

அது உண்மைதான் என்று ஐவிக்குப் பட்டது. தலை துவட்டத் துண்டு கொடுத்து, டீ போட்டு அனுப்பினார்.

மறுநாள் கட்சிக் கூட்டத்தில் பொறுப்பாளர் பேச்சைத் தொடங்குமுன் ஐவி எழுந்தார்.

"நான் ராஜினாமா பண்றேனுங்க. ஆறுக்குட்டியே தலைவராகட்டும். நான் என் வார்டைப் பாத்துக்கறேன்."

ஆறுக்குட்டிக்குச் சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம். "தண்ணி வேலை முடியற வரைக்கும் கூட இருப்பீங்களா அக்கா?"

"நான் எங்க போகப் போறேன்?"

வெளியே வந்ததும் ஐவிக்கு அகோரப் பசி எடுத்தது. பிராங்ளினை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கினார். மண்டிக் கூட்டத்துக்குத் தவறாமல் போன கவுன்சிலர் பெனிஸ், அவரைக் கண்டு வாசலிலேயே தயங்கினார்.

"உள்ள வாங்க பெனிஸ், சூடா இருக்கு" என்று ஐவி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.