ஜெராக்ஸ் அக்கா

இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அக்கா ஓர் எழுத்து விடாமல் நகத்தால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறாள். தகப்பன் பெயருக்கு முன்னால் இனிஷியலில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் போதும், உதட்டைப் பிதுக்கிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "இந்தப் புள்ளிக்கு எட்டு மாசம் அலைய விடுவாங்கம்மா. இன்னைக்கே போய்த் திருத்திக்கிட்டு வா."

பணியில் இறந்த தீயணைப்புக்காரர்கள், போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் அலுவலகத்தின் வராந்தா அது. அக்காவுக்கு அங்கே உத்தியோகம் எதுவும் இல்லை. காலையில் தையல் கம்பெனியில் காஜா எடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் வந்து பெஞ்சில் உட்காருவாள். எதற்கும் நாலு நகல் கேட்பதால் ஜெராக்ஸ் அக்கா. கூலி வாங்கமாட்டாள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள், நன்றாக ஆறவிட்டு.

அக்காவின் புருஷன் தீயணைப்பு வீரர். பெயின்ட் கிடங்கில் ஒன்பது மணி நேரம் நெருப்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார், குளித்தார், "நெஞ்சு கமறுது" என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை. பணி முடிந்தபின் வீட்டில் நேர்ந்த மரணம் என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

"வேலை முடிஞ்சுச்சு, சரி. உள்ள போன புகைக்கும் டூட்டி முடிஞ்சுதா சார்னு கேட்டேன். சிரிச்சாங்க."

தொகை வந்து சேர்ந்தபோது மகளின் படிப்பு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

நேற்று ஒரு போலீஸ்காரரின் மனைவி வந்தாள். திருடனைத் துரத்திய ஜீப் கவிழ்ந்து இருபது நாள். ஓட்டியவர் அவள் புருஷன். கையில் ஒரு காகிதம்.

"இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த மாசமே கொஞ்சம் பணம் வந்துடுமாம்க்கா. படிக்கப் போனா எழுத்தெல்லாம் கலங்குது."

அக்கா வாசித்துக் காட்டினாள்: "என் கணவரின் கவனக்குறைவாலேயே விபத்து நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

"அவரா? அவர் சைக்கிளைக்கூட ஓரமாத்தான் ஓட்டுவாரு."

"மூணாம் நாளே என்கிட்டயும் இப்படி ஒண்ணை நீட்டினாங்க. வீட்டுக்கு வந்தப்ப நல்லாத்தான் இருந்தாருன்னு. நானும் அழுதுகிட்டே போட்டேன். அந்த ஒரு கையெழுத்தை அழிக்க ஆறு வருஷம் ஆச்சு."

வந்தவள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். பிறகு கேட்டாள்: "போடலைன்னா எனக்கு எத்தனை நாளாகும்க்கா?"

அக்கா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.