செட்டு ஒன்று, செட்டு ஆறு

ஓசூரில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் செலவுக் கணக்கு என் பொறுப்பு. கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைத்ததும் இல்லை. அந்தக் கர்வத்தோடுதான் எட்டுப் பெண்களின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட இருந்தேன்.

அவர்கள் புஷ் லைனில் வேலை செய்தார்கள். விரல் நீளத்தில் இரும்புக் குழாய்த் துண்டு, வருடம் முழுக்க ஒரே அளவு. என் கணக்கில் அது நஷ்டம். சின்னச் சின்ன ஆர்டர்களாகப் போகும் வால்வு பாகம் லாபம். புஷ் செய்யும் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு லைனை மூடுவது பற்றி வெள்ளிக்கிழமை முதலாளி முடிவெடுப்பதாக இருந்தது.

எந்தச் செலவையும் நான் நான்கு படிகளில் ஒன்றில் வைப்பேன். ஒவ்வொரு பீஸுக்கும் ஆவது, ஒரே தடவையில் சேர்த்துச் செய்யும் ஒவ்வொரு லாட்டுக்கும் ஆவது, ஒரு பாகத்தைச் செய்ய ஒத்துக்கொண்டதற்காகவே ஆவது, கம்பெனி திறந்திருப்பதற்காக ஆவது. இரும்பு முதல் படி, வாட்ச்மேன் சம்பளம் கடைசிப் படி. மெஷினில் டூல் மாற்றி அளவு கட்டும் செட்டரின் சம்பளத்தில்தான் சறுக்கினேன். அவருடைய நோட்டில் புஷ்ஷுக்கு வாரம் முழுமைக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘செட்டு 1’, வால்வுக்குத் தினமும் ‘செட்டு 6’. எங்கள் ஸ்டோர்ஸில் செட்டு என்றால் ஒரு பெட்டிச் சரக்கு. மனுஷன் ஒழுங்காக எழுதுவதில்லை என்று நானே முடிவு கட்டி, அவர் சம்பளத்தைப் பீஸ் எண்ணிக்கைப்படி பிரித்துவிட்டேன். பீஸ் அதிகம் என்பதால் பெரும்பங்கு புஷ் தலையில் விழுந்தது.

புதன்கிழமை அவரைத் திட்டவே கீழே இறங்கினேன்.

“என்னண்ணா, திங்கக்கிழமை ஒரு பெட்டி எழுதிட்டு மத்த நாளெல்லாம் தூங்கிட்டீங்களா?”

அவர் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுபவர். முதலில் விழித்தார், பிறகு சிரித்தார்.

“பெட்டியா? செட்டுன்னா செட்டிங்குங்க மேடம்! புஷ்ஷுக்கு ஒருவாட்டி செட்டு பண்ணா வாரம் பூரா ஓடும். வால்வுதான் உசுர வாங்குது. இருவது பீஸுக்கு ஒருவாட்டி மாத்து, முப்பது பீஸுக்கு ஒருவாட்டி மாத்து.”

வெட்கமாகப் போய்விட்டது. அவர் சம்பளத்தையும், ஒவ்வொரு செட்டிங்குக்கும் பிறகு முதல் பீஸைச் சோதிக்கும் செலவையும் லாட்டுக்கான இரண்டாம் படிக்கு மாற்றினேன். புஷ் லாபத்துக்கு ஏறியது, வால்வு படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி எரிந்து விழுந்தார். “போன வாரம் ஒண்ணு சொன்னியேம்மா, இந்த வாரம் ஒண்ணு சொல்ற. எத நம்பறது?”

“இத நம்புங்க சார். போன வாரத்து தப்பு என்னோடது.”

“அப்ப செட்டர வேலையவிட்டு நிறுத்திடலாமா?”

“அவர நிறுத்துனா செட்டிங் கொறயாது சார். இருபது பீஸ் ஆர்டருக்கெல்லாம் சரின்னு சொல்றது நாமதான்.”

அவர் புஷ் லைனை மூடும் ஃபைலில் கையெழுத்துப் போடாமல் அதை மூடி என் பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை காலை குருபரப்பள்ளியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் கேட்டில் என்னை நிறுத்தினார்.

“லைன மூடலயாம், சொன்னாங்க. நஷ்டம்னு எழுதுனது யாருங்க மேடம்?”

யார் பெயரையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். “நான்தான்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க ஒரு நாள்கூட எங்க லைன் பக்கம் வந்ததில்லயே மேடம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.