மேடைக்குக் கீழே ஓர் அறை

“யார்கிட்ட சொன்ன?” என்று அத்தை கேட்டாள். சமையலறை வாசலில் நின்று, ஈரக் கையைத் துடைக்காமல் கேட்டாள். நாலு வார்த்தையில் முடிந்துவிடும் பதில்தான். அன்று எனக்கு அது வாயில் வரவில்லை. “எதை?” என்று திருப்பிக் கேட்டேன். அத்தை உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். ஆனால் முதலில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது.

அவள் என் அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் வேலை தேடி வெளியூர் போனபோது, என் படிப்பு பாதியில் நிற்க வேண்டாம் என்று என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடித்தேன். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் அவர் பேசுவது குறைவு. “எனக்கும் சேர்த்து உங்க அத்தை பேசிடுறா, நான் எதுக்கு வாய வலிக்க வெச்சுக்கணும்?” என்பார்.

ஒரு கல்லூரியில் அத்தைக்குத் துப்புரவு வேலை. பதினோரு வருடமாக. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பிற்பகல் மூன்றுக்குத்தான் வெளியே வருவாள். மூன்றாவது மாடியும் பெரிய அரங்கமும் அவள் பொறுப்பு. அரங்கத்தில் அறுநூறு நாற்காலிகள். துடைப்பது பெரிய வேலை இல்லையாம். நாற்காலிக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டி வைத்திருக்கும் சூயிங்கத்தைச் சுரண்டுவதுதான் வேலையாம். அதற்கென்று என் பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். “உன் ஸ்கேலு உனக்கு முன்னாடியே காலேஜுக்குப் போயிடுச்சு பாரு” என்று சொல்லிச் சிரிப்பாள்.

கூட வேலை செய்கிறவர்கள் அவளை மணிக்கூண்டு என்று கூப்பிடுவார்கள். வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த அறை.

துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்ட் கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்ததை சூப்பர்வைசர் பார்த்தால் நோட்டில் பெயர் ஏறும். மூன்று முறை ஏறினால் வேலை போய்விடும். சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம், அதுவும் சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில். “உக்காரக் கூடாதுன்னு ரூல் போட்டவன், அத உக்காந்துதானே எழுதியிருப்பான்?” என்று அத்தை ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அரங்க மேடைக்கு அடியில் ஒரு தாழ்வான அறை இருந்தது. கிழிந்த திரைகளையும் கால் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைக்கிற இடம். திரைகளை உதறி மடித்து வைக்கச் சொல்லி எப்போதோ அத்தையிடம் சாவி கொடுத்தார்கள். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தச் சாவியை வைத்து எட்டுப் பெண்கள் ஆறு வருடம் இளைப்பாறினார்கள். பதினோரு மணிக்கு மேல் இரண்டிரண்டு பேராக, ஆளுக்கு இருபது நிமிடம். யார் எப்போது போக வேண்டும், எப்போது எழுந்து வர வேண்டும் என்பதெல்லாம் அத்தையின் தலைக்குள் இருந்தது. கடிகாரம் கட்டமாட்டாள், ஆனால் ஒரு நிமிடம் தப்பாது. முட்டி வலி உள்ள ஓர் அம்மாவுக்கு மட்டும் இரண்டு முறை. எட்டுப் பேரில் மூத்தவள் அவள். முட்டிக்காரம்மா என்பார்கள். வெளியே ஒருத்தி தரையைத் துடைத்தபடி நிற்பாள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் வாளியின் கைப்பிடியைத் தூக்கி இரண்டு முறை போடுவாள். உள்ளே இருப்பவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக மாப்போடு வெளியே வந்துவிடுவார்கள்.

எட்டுப் பேரும் தங்கள் வீட்டில்கூட இதைச் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். அத்தை என்னிடம் சொன்னாள். நான் அவள் வளர்த்த பெண் இல்லையா?

இந்த வருடத் தொடக்கத்தில் கல்லூரியின் நாடகக் குழு மாணவர்கள் ஐந்தாறு பேர் அத்தையிடம் வந்தார்கள். உழைப்பவர்களின் உரிமை பற்றி நாடகம் போடப் போகிறார்களாம்.

“அக்கா, உங்க கஷ்டத்தையெல்லாம் எங்ககிட்ட சொல்லுங்க.”

“எந்தக் கஷ்டம்? நீங்க டீ குடிச்சிட்டு ஜன்னல்ல வெச்சிட்டுப் போற கப்பா? அத எடுத்துப் போட்டாலே பாதிக் கஷ்டம் தீரும்.”

“அது இல்லக்கா. சமூகத்துல உங்க நிலைமை…”

“நிலைமைக்கென்ன, நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் தள்ளுங்க கண்ணுகளா, தரை ஈரம்.”

வீட்டுக்கு வந்து இதை நடித்தே காட்டினாள். மாமாகூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நாடகக் குழுவில் சேர வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை. அவர்கள் தெருவில் நாடகம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து வர மனமில்லை. உலகத்தில் எதையாவது மாற்ற முடியும் என்றால் இவர்களால்தான் முடியும் என்று நினைத்தேன்.

விண்ணப்பம் கொடுக்கக் கல்லூரிக்குப் போன அன்று, நாடகத்தை இயக்குகிற மூன்றாம் ஆண்டு மாணவரைக் கேன்டீனில் பார்த்தேன். எல்லோரும் அவரை டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். நானாகப் போய்ப் பேசினேன். அரங்கத்தைச் சுத்தம் செய்கிறவர் என் அத்தை என்றதும் அவர் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். என்னைவிட மூன்று வயது பெரியவர், நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். இதுவரை யாரும் என் பேச்சைக் குறித்துக்கொண்டதில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். ரூலை உட்கார்ந்துதான் எழுதியிருப்பான் என்று அத்தை சொன்னது. சூயிங்கம். நோட்டுப் புத்தகம். பிறகு அந்த அறை, அந்தச் சாவி, அந்த வாளி.

சொல்லி முடித்த பிறகுதான், வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று எட்டுப் பேரும் பேசி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

“அண்ணா, அந்த ரூம் விஷயம் மட்டும் போட வேணாம். அவங்களுக்குப் பிரச்சனையாயிடும்.”

“பேரு, இடம் எல்லாத்தையும் மாத்திடுவோம்மா. துணி மில்லுல நடக்குற கதைன்னு வெச்சுக்குவோம். ஒருத்தருக்கும் தெரியாது, நான் கேரண்டி.” நோட்டை மூடிவிட்டுச் சொன்னார், “உன் மாதிரி ஒருத்தி எங்க குழுவுக்கு வேணும். அட்மிஷன்ல எனக்குத் தெரிஞ்ச சார் இருக்காரு, உன் அப்ளிகேஷன பார்க்கச் சொல்றேன்.”

அந்த உதவியை நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாடகம் நடந்த அன்று மதியம் அரங்கம் நிரம்பவில்லை; பின்வரிசைகள் காலியாகத்தான் இருந்தன. துப்புரவுப் பெண்களும் பார்க்கட்டும் என்று மாணவர்கள் அனுமதி வாங்கியிருந்தார்கள். எட்டுப் பேரும் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் கல்லூரி நிர்வாக அதிகாரியும் அவருக்குப் பக்கத்தில் சூப்பர்வைசரும் இருந்தார்கள். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பதைக் கண்டித்து நடக்கிற நாடகத்தை எட்டுப் பெண்களும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்கள். அது மேடையில் இருந்த ஒருவர் கண்ணிலும் படவில்லை. உண்மையைச் சொன்னால், நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் கண்ணிலும் அன்று படவில்லை.

சொன்னபடி துணி மில் என்றுதான் வைத்திருந்தார்கள். பெயர்களை மாற்றியிருந்தார்கள். ஆனால் அறையும் வாளியும் அப்படியே இருந்தன. அத்தையாக நடித்த பெண் நல்ல உயரம். வாளிக் கைப்பிடி ‘டக் டக்’ என்று விழுந்தது. உடனே மேடைக்கு அடியிலிருந்த அந்தப் பக்கவாட்டுக் கதவு நிஜமாகவே திறந்தது. நாலு நடிகைகள் மாப்போடு குனிந்து வெளியே வந்தார்கள். அரங்கமே கைதட்டியது.

நாடகத்துக்கு முதல் நாள் டைரக்டர் அத்தையிடம் வந்து, உடை மாற்ற ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அத்தை தன் கையாலேயே சாவியைக் கொடுத்திருக்கிறாள். இருக்கிற கதவைப் பயன்படுத்தினால் காட்சி நன்றாக வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவ்வளவுதான். ஊர் பேர் தெரியாத மில் என்று சொல்லிவிட்டு, இருக்கிற இடத்தையே திறந்து காட்டினார்கள்.

கடைசியில் மில் முதலாளியைப் பார்த்து அந்த உயரமான பெண் கேட்டாள்: “உக்காரக் கூடாதுங்கற ரூல நீங்க உக்காந்துதானே எழுதினீங்க?” மறுபடியும் கைதட்டல். நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைத்தான்.

அதோடு முடியவில்லை. டைரக்டர் மைக்கைப் பிடித்து, “இந்தக் கதைக்கு உயிர் கொடுத்தவங்க இங்கதான் நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒரு தடவ கை தட்டுங்க” என்று பின்சுவரைக் காட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். எல்லாத் தலைகளும் திரும்பின. சூப்பர்வைசர் அவசரப்படாமல் மெதுவாகத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் “எதை?” என்றேன்.

மறுநாள் காலை அந்தக் கதவில் புதிய பூட்டு. யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. எட்டுப் பேரின் பெயரும் நோட்டில் இரண்டு முறை ஏறியது, அவ்வளவுதான். இனி ஒரே ஒரு முறை பாக்கி. ஒரு வாரம் கழித்து முட்டிக்காரம்மா படிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார். அன்றோடு அவளுக்கு வேலை இல்லை.

நான் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் போகும்போது எல்லோர் முன்னாலும் அத்தையிடம் கேட்டாளாம்: “என்ன மணிக்கூண்டு, உன் மருமகளுக்கு சீட்டு கெடச்சிருச்சா?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள்: “நான்தான்கா சொன்னேன். பேச்சுவாக்குல வாய் நழுவிடுச்சு. சீட்டெல்லாம் ஒண்ணும் இல்ல.”

அன்றிலிருந்து மற்ற ஆறு பேரும் அத்தையோடு பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்தால், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்களாம். பதினோரு வருடம் வாய் ஓயாமல் பேசியவள், வீட்டில் உப்பு போதுமா என்று கேட்பதோடு சரி. கல்லூரியில் நடந்ததெல்லாம் எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். லாரியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் டைரக்டரிடம் போனேன்.

“கேரண்டின்னு சொன்னீங்களேண்ணா.”

“நாங்க எங்கம்மா பேரச் சொன்னோம்? பாரு, நம்ம நாடகம் எவ்வளவு பேர யோசிக்க வெச்சிருக்கு. அடுத்த மாசம் வேற காலேஜ்ல போடக் கூப்பிட்டிருக்காங்க.”

“அந்தம்மாவுக்கு வேல போயிடுச்சு.”

அவர் முகம் உண்மையிலேயே வாடியது. மனு எழுதலாம், கையெழுத்து வாங்கலாம் என்றார். எழுதவும் எழுதினார், நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் அவர்களுக்குத் தேர்வு வந்துவிட்டது. மனு நாடகச் சாமான்கள் இருக்கிற பெட்டியில் இருக்கிறது. அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. என் மதிப்பெண்ணுக்காகவா, அவர் சொன்னதற்காகவா என்று தெரியாது. நான் சேரவில்லை. இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன்.

போன மாதம் முட்டிக்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னது நான்தான், அத்தை இல்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அத்தைய காப்பாத்த வந்தியாக்கும். அவதான் அனுப்பினாளா?”

“இல்லம்மா, சத்தியமா நான்தான்.”

“அவளே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டா. நீ சின்னப் பொண்ணு, இந்த நாடகமெல்லாம் வேணாம். போய்ப் படிக்கிற வேலையப் பாரு.”

அத்தை என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நம்புகிறார்கள். நான் சொல்கிற உண்மையை நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடம் சொன்னேன், எங்கே உட்கார்ந்து சொன்னேன், எதற்காக ஆசைப்பட்டேன் என்று ஒன்று விடாமல். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நீ ‘எதை’ன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்டி” என்றாள். “உன் மேல கோவம் இருக்கு. போகும்போது போகும். பிடிச்சு வெச்சுக்கணும்னு இல்ல.”

இதை எழுதட்டுமா என்று இந்த முறை கேட்டேன். “எழுதுறதுன்னா உன்னப் பத்தியும் எழுது. என்ன மட்டும் எழுதிட்டு நீ ஒளிஞ்சுக்காத” என்றாள்.

எழுதிவிட்டேன். காண்ட்ராக்ட் கைமாறியதில் அந்த ஆறு பேரும் இப்போது வெவ்வேறு கட்டடங்களில் இருக்கிறார்கள். எனக்கு எல்லோருடைய இடமும் தெரியாது. நீங்கள் வேலை செய்கிற இடத்தில், படிக்கிற இடத்தில், நின்றபடி தரை துடைக்கிற ஒருத்தி இருந்தால் இதை அவளிடம் கொடுங்கள். படிக்க நேரம் இல்லை என்றால் வாசித்துக் காட்டுங்கள். அவள் அந்த ஆறு பேரில் ஒருத்தியாக இல்லாமல் போகலாம். அவளுக்கு வேறு யாரையாவது தெரிந்திருக்கும், அவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள். மணிக்கூண்டு சொல்லவில்லை, அவள் மருமகள்தான் சொன்னாள் என்பது மட்டும் அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.