ஹபீபைக் கொன்றது யுத்தமல்ல

விதாத்துக்குக் கோபம் வந்தால் முதல் அடி மாவுக்குத்தான். நாங்கள் இருவரும் கூட்டாக நடத்தும் ரொட்டிக் கடையில் அவள் பிசைவாள். நான் ரொட்டிமேல் எண்ணெயும் ஸாத்தர் என்ற மூலிகைப் பொடியும் தடவி அடுப்பில் தள்ளுவேன். இவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று ஊரில் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு வெட்கம் இருந்தால் கேட்க மாட்டார்கள்.

அவள் அப்பா ஹபீப் யுத்த காலத்தில் செத்தார். நாற்பது கூட ஆகவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்தது கீழே பள்ளத்தாக்கில். இவர் நிலவறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் கட்சிக்காரர்கள் விடுவார்களா? படம் போட்டுத் 'தியாகி' என்று சுவரொட்டி ஒட்டி, மாதா கோயில் வாசலில் கல்லிலும் பெயரை வெட்டிவிட்டார்கள். வருஷாவருஷம் பூசையில் அந்தப் பெயரை வாசிக்கும்போது விதாத்தின் தம்பி மிலாத் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான்.

அந்த வீட்டில் ஒருத்தரும் நெஞ்சடைத்துச் செத்ததாகச் சரித்திரமே இல்லை. தாத்தா போனது நிலத் தகராறில் மனமுடைந்து. பெரியப்பா போனது மகள் சொல்லாமல் கொள்ளாமல் பிரேசிலுக்குப் போன துக்கத்தில். சாவு விழுவதற்குள் காரணம் தயாராகிவிடும். தலை நரைக்கும் முன்னே நம் வீட்டு ஆண்கள் ஏன் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒருத்தனுக்காவது கேட்கத் தோன்றியதா? எங்கே!

விதாத்துக்குக் கண்ணிமை ஓரம் மஞ்சளாகத் தடித்திருந்தது. அழகு கெட்டுப்போகிறதே என்று டாக்டரிடம் போனாள். அவர் விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தார், குதிகாலுக்கு மேலே தடித்திருந்த நரம்பை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். சாப்பாட்டால் வந்ததில்லை, பரம்பரை, பிறக்கும்போதே ரத்தத்தில் வந்துவிடும், விட்டால் வயதாகும் முன்னே நெஞ்சை அடைத்துவிடும் என்றார். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். நாள் தவறாமல் மாத்திரை போட்டால் ரொம்ப வருஷம் இருக்கலாமாம். தம்பியையும் அவன் பிள்ளையையும் உடனே கூட்டி வா என்று அனுப்பினார்.

அன்றைக்கே ஓடினாள். மிலாத் ஆளே ஒல்லிக்குச்சி. தினமும் ஆப்பிள் தோட்டத்துக்கு மேடேறிப் போய் வருகிறவன். எனக்கா கொழுப்பு என்று சிரித்தான். அவன் விரல் முட்டிகளிலும் அதே புடைப்பு இருந்தது. கையைப் பிடித்து அதைக் காட்டினாள். அவன் சிரிப்பு நின்றது.

"அப்போ அப்பா கொழுப்பு ஏறிச் செத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லப் போறியாக்கா?"

"கல்லுல பேரு வெட்டிட்டா நெஞ்சு அடைக்காதாடா?"

வெளியே போ என்றான். பையனைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றும் சொன்னான். பையனுக்கும் தாத்தா பெயர்தான், ஹபீப். விதாத் அதற்குப் பிறகும் விடவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், தெருவில் வழிமறித்தாள். அவன் அவளைக் கண்டாலே வேறு பாதையில் போகப் பழகிக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு அறை விட்டிருப்பேன்.

பிறகு நாடே நொடித்துப்போய் பேங்குகள் கதவைச் சாத்தின. எல்லார் சேமிப்பும் உள்ளே மாட்டிக்கொண்டது, மிலாத்துடையதும். ஓர் அறுவடை நாளில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. வயது நாற்பத்தொன்று.

துக்கம் கேட்க வந்த கூட்டம் கோயில் கூடத்தில் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டே ஒரே பாட்டைப் பாடியது. பேங்க்காரன் கொன்றுவிட்டான், இந்த நாடு கொன்றுவிட்டது. பாதிரியாரும் அதையே சொன்னார். எனக்கு அந்தக் கோப்பைகளை எல்லாம் தரையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

விதாத் எழுந்தாள். ஆண்கள் வரிசையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்த பையன் ஹபீபின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மிலாத்தின் மனைவி ஹியாம் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னிக்கேவா அண்ணி? சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தாண்டி எல்லாரையும் பொதைச்சோம்."

ஹியாம் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பையனின் கழுத்துப் பட்டியை அவிழ்த்துவிட்டு, தானும் காரில் ஏறினாள். நான்தான் ஓட்டினேன்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்த பெண், வீட்டில் யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா என்று கேட்டாள். ஹபீப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவன் மாதிரி சொன்னான், "எங்கப்பாவை பேங்க்காரங்க கொன்னுட்டாங்க. தாத்தா சண்டையில தியாகி."

விதாத் அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"இல்லடா. அப்பாவுக்கு நெஞ்சு அடைச்சுது. தாத்தாவுக்கும் நெஞ்சுதான். இந்த அக்காகிட்ட சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான். ஹியாம் தலையசைத்தாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு," என்றான். "தாத்தாவுக்கும்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டு ஊசியை எடுத்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் இருந்தா, அத்தை?"

"இருந்தா தினம் மாத்திரை போடுவே," என்றாள் விதாத், அவன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி. "கிழவனாகி, பல்லெல்லாம் கொட்டி, எல்லாரையும் திட்டித் தீர்த்துட்டுச் சாவே. நம்ம வீட்டுல ஒருத்தனாவது அப்படிச் சாகட்டும்."