என் காரின் பின்சீட்டில் நான்

பெரிய இன்ஜின், அகல டயர் என்று என் பழைய காரில் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டேன். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கே இருக்கட்டுமா, காயில் ஸ்பிரிங் போடலாமா என்பதில்தான் மூன்று மாதமாகக் குழப்பம்.

இன்று ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"பின்னாடி யாரு உக்காருவா?" என்றார்.

"வீட்டுக்காரிதான். இப்ப ஏறவே மாட்டேங்கா."

"அப்ப அவியள வரச் சொல்லுங்க. ஓட்டுறவுக பேச்சக் கேட்டு நான் ஸ்பிரிங் மாத்துறதில்ல."

என் மனைவி சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். மெக்கானிக் ஓட்ட, நாங்கள் இருவரும் பின்சீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் முதல் வேகத்தடையிலேயே என் தலை கூரையில் இடித்தது. அவள் அசையவில்லை. கைப்பிடியை முன்பே பற்றியிருந்தாள்.

"இன்னும் ஏழு இருக்கு. கம்பியப் பிடிங்க" என்றாள்.

மெக்கானிக் வண்டியை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்தார்.

"காயிலெல்லாம் வேண்டாம்ணே. பின்பக்கம் தூக்கலாத் தெரியணும்னு ரெண்டு பட்டை கூடச் சொருகியிருக்கீக. அதான் இப்படித் தூக்கிப் போடுது. அதக் கழட்டிட்டு, புது ஷாக் அப்சார்பர் போட்டாப் போதும்."

சொருகியது நான்தான்.

"கழட்டுங்க. வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோயிலுக்கு இதுலயே வாரேன்" என்றாள் அவள்.

கார் வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் காரின் பின்சீட்டில் நீங்கள் கடைசியாக உட்கார்ந்தது எப்போது?